காலையில் விரல் மடங்காத விறைப்பை வயசுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் பக்கத்தில் மூட்டு வலி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எடையைக் குறைக்க வேண்டும், மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைக்க வேண்டும், கால்சியம் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அதெல்லாம் சரிதான். ஆனால் மூட்டு வலி என்றாலே தேய்மானம், தேய்மானம் என்றாலே வயசு என்று கட்டுரை முழுக்கப் போய்விட்டது. எதிர்ப் பக்கத்தில் தீபாவளிப் பலகாரக் குறிப்புகள். முறுக்கு மாவைக் கெட்டியாகப் பிசைந்து அச்சில் போட்டு அழுத்திப் பிழியவும் என்று எழுதியிருந்தது. இரண்டையும் ஒருசேரப் படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. தேய்மானம் என்ற ஒரு சொல்லை நம்பி ஒன்றரை வருஷத்தை இழந்தவள் நான்.

எனக்கு 61 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். தபால் அலுவலகக் கவுண்டரில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்கு வந்திருக்கும் முடக்குவாதம் என்ற மூட்டு வியாதியை முதலில் கண்டுபிடித்தது எந்த மருத்துவரும் இல்லை, எங்கள் வீட்டுப் பல்லாங்குழி.

2018 ஆகஸ்ட் மாதம். என் நாத்தனார் வந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பல்லாங்குழிதான். என் மாமியார் கொண்டுவந்த மரப்பலகை, மீன் வடிவத்தில் இரண்டாக மடக்குவது. பக்கத்துக்கு ஏழு குழி, எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக மொத்தம் 70. ஒரு குழியில் இருப்பதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தக் குழியில் நான்கு சேர்கிறதோ அது பசு. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கொட்டை கூடக் குறையப் போட்டால் ஆட்டமே மாறிவிடும்.

அன்றைக்கு என் கையிலிருந்து கொட்டைகள் இரண்டு இரண்டாக விழுந்தன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒன்றை மட்டும் பிரித்து விட மாட்டேன் என்கின்றன. "என்ன மதினி, கள்ளாட்டமா ஆடுதீக?" என்று நாத்தனார் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளோடு ஆடுகிறேன், ஒரு நாளும் அப்படி ஒரு சொல் வாங்கியதில்லை. கை சரியில்லை என்று சொல்லிப் பலகையை மடக்கி வைத்தேன். அப்புறம் ரொம்ப நாள் அதைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காது. இறுக்கமான கையுறை போட்டுக்கொண்டு தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. மிக்ஸி ஜாடி மூடி, குக்கர் மூடி, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கி, தொட்டால் சுடும். வலது கையில் எந்த இடமோ இடது கையிலும் அதே இடம்.

மனசு விட்டுப்போனது சொதியில்தான். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு அது. தேங்காயைத் திருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, பாசிப்பருப்பையும் காய்களையும் தண்ணிப் பாலில் வேகவைத்து, கடைசியில் முதல் பாலை விட்டு நுரை கூடும்போது இறக்க வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். என் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் 12 தேங்காய்க்குத் தனியாக உட்கார்ந்து பால் பிழிந்த கை இது. 2019 பொங்கலுக்கு இரண்டு தேங்காய்க்குப் பிழிய முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு என்னென்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுகிறேன். வாயு என்றார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார்கள். வருஷக்கணக்கில் முத்திரை குத்திய கை, தேயாமல் என்ன செய்யும் என்றார்கள். 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் நடக்க முடியாமல் கிடந்தோம், அதன் மிச்சம் என்றார்கள். ஒரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், உங்களுக்கு வாதமே இல்லை, வயசுக்கு வருவதுதான் என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் நான்கு மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த நான்கு மணி நேரத்துக்காக மாதக்கணக்கில் சாப்பிட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டேன். அந்தப் பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும் வியாதி இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

2020 பிப்ரவரியில் மகள் வற்புறுத்தி மூட்டு வாத நோய்க்கென்றே படித்த ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ருமட்டாலஜி என்று ஒரு தனிப் படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "காலையில் எழுந்ததிலிருந்து கை சரியாக மடங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அதுவரை யாருமே என்னிடம் கேட்காத கேள்வி. எனக்குக் கடிகாரக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. "பால் காய்ச்சி, டிக்காஷன் போட்டு, இட்லி இரண்டாவது ஈடு எடுக்கும்வரைக்கும் மடங்காது" என்றேன். ஒன்றரை மணி நேரம் இருக்குமா என்றார். இருக்கும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

தேய்மானத்திலும் காலையில் மூட்டு பிடித்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், அப்புறம் வேலை செய்யச் செய்ய வலி கூடும். எனக்கு வந்திருப்பதில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும், கை அசைய அசையத்தான் இளகும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிறதாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வயசானவர்களுக்குத்தான் என்றில்லை, 30, 40 வயதிலும் வரும். வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. நிறுத்துகிற மருந்துகள் வேறே இருக்கின்றன, அவற்றை முதல் சில மாதங்களுக்குள் ஆரம்பித்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். ஆன்டி சி.சி.பி. என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் எனக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. முடக்குவாதம்.

வீட்டுக்கு வரும் வழியில் என் ஆச்சியின் ஞாபகம் வந்தது. அவளுக்கு விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். "எனக்குச் சரவாங்கி" என்பாள். அந்தச் சொல்லைச் சின்ன வயசில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது ஒரு வியாதியின் பெயர், அதற்கு ஒரு வைத்தியம் உண்டு என்று அவள் காலத்தில் அவளுக்குச் சொல்ல ஆளில்லை. என் காலத்தில் மருந்து இருந்தது. ஆனாலும் என் வலது கை நடுவிரல் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அது இனி நிமிராது. அந்த ஒன்றரை வருஷத்தின் கணக்கு அது.

மருந்து ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் ஊரடங்கு வந்துவிட்டது. எனக்கு எழுதிய மருந்துகளில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஒன்று. மலேரியாவுக்காக வந்த பழைய மருந்து, எங்களைப் போன்றவர்களுக்கும் பல வருஷமாகக் கொடுக்கிறார்கள். அது கொரோனாவுக்கு நல்லது என்று அந்த மார்ச் மாதம் உலகம் முழுக்கப் பேச்சு கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்கள் எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். மாதக் கடைசியில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. சீட்டு வைத்திருந்த எனக்கே அப்புறமும் மூன்று வாரம் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகக்கவசம் போட்டுக்கொண்டு மூன்று தடவை சமாதானபுரம் வரைக்கும் நடந்து போய் வெறுங்கையோடு வந்தார்.

மகளும் ஏழு வயதுப் பேத்தியும் சென்னைக்குத் திரும்ப முடியாமல் எங்களோடு தங்கிவிட்டார்கள். தூர்தர்ஷனில் பழைய ராமாயணத் தொடரை மறுபடி போட்டார்கள். 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே காலியாக, பக்கத்து வீட்டுக் கூடத்தில் 40 பேர் உட்கார்ந்து பார்த்த தொடர். அதைப் பேத்தியோடு பார்த்தேன். மீதிப் பொழுதுக்குத் தாயம். தரையில் சாக்பீஸால் கட்டம் கீறி, பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிப் போடுவது. ஒன்று விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. உருட்டுவதற்கு விரல் நுனி வேண்டாம், உள்ளங்கை போதும் என்பதால் எனக்கு அது தோதாக இருந்தது. காலையில் விறைப்பு விடுவதற்குள் பேத்தி கட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிடுவாள். பத்துத் தடவை உருட்டினால் கை கொஞ்சம் இளகும்.

இந்த மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். மே மாதம் இரண்டாவது வாரம், பேத்தி பரணில் எதையோ தேடும்போது அந்த மீன் பலகையை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குத் திறக்கப் பயமாக இருந்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று உட்கார்ந்தேன். ஐந்து கொட்டையை அள்ளினேன். அடுத்த குழியில் ஒன்று விழுந்தது. அதற்கு அடுத்ததில் ஒன்று. ஐந்தாவது வரைக்கும் ஒவ்வொன்றாகவே விழுந்தன. நான் நாத்தனாருக்குப் போன் போட்டு, "ஒண்ணு ஒண்ணா விழுது" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

மாத்திரை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வியாதிக்கு முக்கியமான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு தடவை கடையில் மாத்திரை போட்டுக் கொடுத்த காகித உறையில் 1-0-0 என்று, தினமும் காலையில் ஒன்று என்பதுபோல எழுதிவிட்டார்கள். மருத்துவர் இரண்டு மூன்று தடவை அழுத்திச் சொல்லியிருந்ததால் நான் தப்பித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பாட்டி உறையில் எழுதியிருப்பதைத்தானே நம்புவாள்? வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் தவறாமல் போகச் சொல்லுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிற பெண்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், கர்ப்ப காலத்தில் இந்த மருந்து ஆகாது.

நான் தேர்ந்தெடுத்த கிழமை வெள்ளி. எங்கள் தலைமுறைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி மறக்காது, தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும் வந்த ராத்திரி அது. எங்கள் பக்கத்தில் அதற்கும் முன்னால் மொட்டை மாடி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து ரூபவாஹினி பார்த்தோம். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்தவர்கள். இப்போது இரவு 8 மணிச் சீரியல் எனக்கு ஒரு வேளை மருந்து மாதிரி. சீரியல் பார்க்கிற பெண்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மடியில் ஒரு சட்டி இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து இரண்டு கையையும் அதில் போட்டுக்கொண்டு முதல் பாகம் பார்ப்பேன். வீக்கமாகச் சூடாக இருக்கிற நாளில் வெந்நீர் கிடையாது, துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம். விளம்பரம் வந்ததும் கைப்பயிற்சி. கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது, மெதுவாக மூடித் திறப்பது, விரல்களை அகல விரிப்பது. இதை ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து செய்யச் சொன்னால் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன். கதை ஓடுவதால் ஐந்து வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சமையலையும் நான் விடவில்லை. விட்டால் நான் நானாக இருக்க மாட்டேன். தேங்காய்ப் பாலைக் கையால் பிழிவதில்லை. அரைத்த விழுதை வெந்நீர் விட்டுக் கலக்கி, வடிகட்டியில் துணி விரித்து ஊற்றி, மேலே கனமான டம்ளரை வைத்து உள்ளங்கையால் அழுத்துகிறேன். முதல் பால் முன்பு போல அத்தனை கெட்டியாக வராது, ஆனாலும் சொதி சொதிதான். கத்தியைவிட அரிவாள்மணை என் கைக்குச் சுகம். கத்தியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அரிவாள்மணையில் காயை இரண்டு கையாலும் தள்ளினால் போதும். அதை ஒரு திண்டில் வைத்து உட்கார்ந்து நறுக்குகிறேன். கரண்டிக் காம்புகளில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருக்கிறேன். பிடி பெரிதாக இருந்தால் விரலுக்கு வலி குறைவு. குழாயைத் திருகுவதற்குப் பதில் புறங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி மாற்றினோம். பாத்திரத்தை விரலால் தூக்காமல் இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குகிறேன். தீபாவளிக்குத் தேன்குழல் அச்சைச் சுற்றுவது என் வீட்டுக்காரர், எண்ணெயில் பார்த்து எடுப்பது நான். முந்திரிக்கொத்துக்குப் பாகும் பதமும் என் பொறுப்பு, உருட்டுவது மகளும் பேத்தியும். இப்படிப் பிரித்துக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் மனத்தடை இல்லை. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். கை வலிக்கிறது என்று சொன்னால் வேலைக்குச் சோம்பல் என்று பேசுகிற வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மூட்டு வலி பற்றி எழுதும்போது அந்த ஒரு கேள்வியைக் கட்டம் கட்டிப் போடுங்கள். காலையில் எழுந்து விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா, இரண்டு கையிலும் ஒரே இடத்தில் வீக்கம் இருக்கிறதா, ஆறு வாரமாகியும் விடவில்லையா என்று கேளுங்கள். ஆம் என்றால் எண்ணெயும் வலி மாத்திரையும் போதாது, வாத நோய் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அந்தக் கட்டத்தை உடல்நலப் பக்கத்தில் போட வேண்டாம், சமையல் குறிப்புப் பக்கத்தில் போடுங்கள். கை வலிக்கிறவள் அந்தப் பக்கத்தைத்தான் வெட்டி அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டி வைப்பாள். குறிப்பு எழுதுகிறவர்களும் "அழுத்திப் பிழியவும்" என்பதோடு நிறுத்தாமல், கையில் பலமில்லாதவர்கள் மாவை எவ்வளவு தளர்த்திக்கொள்ளலாம், எந்த அச்சு லேசாகத் திரும்பும் என்று இரண்டு வரி சேர்க்கலாம்.

எதிர் வீட்டில் 34 வயதில் ஒரு மருமகள் இருக்கிறாள். போன வாரம் இட்லி மாவு வாங்க வந்தவள் பாத்திரத்தை விரலால் பிடிக்காமல் மார்போடு அணைத்துத் தூக்கினாள். நான் அப்படித்தான் தூக்குவேன். கை எப்போது சரியாகும் என்று கேட்டேன். "ஸ்கூல் வேன் போகிறவரைக்கும் இப்படித்தான் இருக்கும் அத்தை, அப்புறம் சரியாயிரும்" என்றாள். ஆறு மணிக்கு எழுகிறாள், வேன் ஏழே முக்காலுக்கு வரும். மூன்று மாதமாக இருக்கிறதாம். அவள் மாமியாரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.